கர்ப்ப காலத்தில் சில்லுமூக்கு உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் வெயில் ஏறிவிட்டால் "சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு" என்பது, அதாவது மூக்கில் ரத்தம் வருகிறது என்பது, வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. அதுவே வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு நடந்தால் வீடே பதறிவிடுகிறது. ஒருவர் தலையை அண்ணாக்கப் பிடிப்பார், ஒருவர் உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றுவார், நிற்க வேண்டிய ரத்தம் நிற்காமல் போகும். கர்ப்பிணிகளுக்கு வரும் மூக்கு ரத்தத்தில் பெரும்பகுதி வீட்டிலேயே கால் மணி நேரத்தில் நின்றுவிடக்கூடியது. சரியாக அழுத்தி நிறுத்துவது முதல் வேலை. நின்ற பிறகு பிபி எவ்வளவு என்று பார்ப்பது அடுத்த வேலை. இந்த இரண்டாவது வேலையைத்தான் அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டையும் சுற்றியே போகின்றன.

இப்போது ரத்தம் வந்துகொண்டிருக்கிறது. முதலில் என்ன செய்வது?

உட்காருங்கள். படுக்க வேண்டாம், நிற்கவும் வேண்டாம். முதுகு நிமிர்ந்த நாற்காலியில் கால்களை அகட்டி ஊன்றி உட்கார்ந்து, தலையை லேசாக முன்பக்கம் சாயுங்கள். ஏழு எட்டு மாத வயிறு என்றால் குனிவது சிரமம். எதிரில் ஒரு மேசையோ, தலையணை வைத்த இன்னொரு நாற்காலியோ போட்டு அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் போதும். முகம் தரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கின் மென்மையான பகுதியைப் பிடியுங்கள். மூக்குக்கண்ணாடி உட்கார்கிற இடம் எலும்பு. அதற்குக் கீழே, அமுக்கினால் வளைந்துகொடுக்கிற சதைப் பகுதிதான் பிடிக்க வேண்டிய இடம். ஒரு பக்கத்தில் மட்டும் ரத்தம் வந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பிடியுங்கள். இறுக்கிப் பிடித்து வாயால் மூச்சு விடுங்கள். செல்போனில் 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, அது அடிக்கும்வரை கையை எடுக்காதீர்கள். கை வலித்தால் பக்கத்தில் இருப்பவர் பிடிக்கட்டும். அப்படிக் கை மாற்றும்போதும் பிடி தளரக் கூடாது.

தொண்டைக்கு வரும் ரத்தத்தை விழுங்காமல் ஒரு கிண்ணத்தில் துப்புங்கள். ஐஸ் கட்டி இருந்தால் ஒன்றை வாயில் போட்டுச் சப்பலாம், துணியில் சுற்றி மூக்குத் தண்டின் மேலும் நெற்றியிலும் வைக்கலாம். ஐஸ் கூடுதல் உதவிதான். ரத்தத்தை நிறுத்துவது விரல்.

15 நிமிடம் பிடித்தும் நிற்கவில்லையே?

பெரும்பாலும் பிடித்த விதத்தில்தான் கோளாறு இருக்கும். எலும்பைப் பிடித்திருப்பார்கள், எலும்பை எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே இருக்கிற ரத்தக் குழாய்க்கு அழுத்தம் போகாது. அல்லது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "நின்னுருச்சா" என்று விட்டுப் பார்த்திருப்பார்கள். ரத்தம் உறைந்து அடைப்பு உருவாகவே சில நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு முறை விடும்போதும் அந்த இளம் அடைப்பு பிய்ந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஐந்து முறை மூன்று மூன்று நிமிடம் பிடித்தால் அது 15 நிமிடம் ஆகாது.

முதல் முறை நிற்காவிட்டால் சரியான இடத்தைப் பார்த்துப் பிடித்து, இன்னொரு 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மொத்தம் அரை மணி நேரமாகியும் வழிந்தால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மூக்கைப் பிடித்தபடியே கிளம்புங்கள். கிராமத்தில் இருந்து மதுரைக்கோ தாலுகா ஊருக்கோ வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றால் அரை மணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் தோற்றதுமே வண்டிக்குச் சொல்லிவிட்டு, இரண்டாவது சுற்று அழுத்தத்தை வண்டி வரும்வரை செய்யலாம்.

தலையை அண்ணாக்க வைத்தால் ரத்தம் நிற்கும் என்று அத்தை சொல்கிறார்கள்…

நிற்காது. வெளியே தெரியாமல் போகும். மூக்குக்கு வர வேண்டிய ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கும். வயிற்றில் ரத்தம் சேர்ந்தால் குமட்டும், ஒருகட்டத்தில் கருஞ்சிவப்பாக வாந்தி வரும். ஏற்கெனவே மசக்கையில் இருக்கிறவருக்கு இது தனி வேதனை. வாந்தி எடுக்கும் முக்கலில் நின்ற ரத்தமும் மறுபடி கிளம்பும். எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்ற கணக்கும் தவறிவிடும். மருத்துவர் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான்.

மல்லாக்கப் படுக்க வைப்பதும் அதே தவறு. அதோடு ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய சிரையை அமுக்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். தலைசுற்றல் அதனாலேயே வரும். உட்கார முடியாத அளவுக்கு மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வாயை லேசாகக் கீழ்நோக்கி வைத்து, ரத்தம் வெளியே வழியட்டும் என்று விட்டு, மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூக்குத்தி போட்டிருக்கிறேன். கழற்ற வேண்டுமா?

எளிதாக வருமென்றால் கழற்றிவிட்டுப் பிடியுங்கள். திருகு இறுகிப் போயிருந்தால் ரத்தம் வரும் நேரத்தில் அதோடு போராட வேண்டாம். மூக்குத்திக்கு மேல் நான்காக மடித்த பருத்தித் துணியை வைத்து, அதன் மேல் அழுத்துங்கள்.

இன்னொரு சங்கதியும் இதில் உண்டு. மூக்குத்தியின் உள்திருகு நீளமாகவோ முனை கூராகவோ இருந்தால், மூக்கின் நடுச்சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். கர்ப்பத்தில் மூக்கின் உள்சவ்வு வீங்கி இடைவெளி குறைவதால், இத்தனை வருடம் உரசாத திருகும் இப்போது உரசத் தொடங்கலாம். எப்போதும் மூக்குத்தி இருக்கிற பக்கத்திலேயே ரத்தம் வந்தால் முதலில் திருகைச் சந்தேகப்படுங்கள். பிரசவம் முடியும்வரை கழற்றி வைக்கலாம். முகூர்த்தம், வளைகாப்பு என்று போட்டே ஆக வேண்டுமென்றால், ஆசாரியிடம் கொடுத்து முனையை மழுங்கடித்துக் குட்டைத் திருகாக மாற்றி வாங்கலாம்.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் இப்படி வருகிறது?

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, கடைசி மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட 40 முதல் 50 சதவீதம்வரை அதிகமாகிவிடும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு கூடுவதால் மூக்கின் உள்சவ்வு உப்பி, அதில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து மெலிந்து நிற்கும். சளி பிடிக்காமலே மூக்கடைப்பு இருப்பதும் இதனால்தான். நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்தில், பல ரத்தக் குழாய்கள் வந்து பின்னிக்கொள்கிற ஓர் இடம் இருக்கிறது. மூக்கு ரத்தத்தில் பத்துக்கு ஒன்பது அங்கிருந்துதான். மூச்சுக்காற்று நேராக மோதுவதும் விரல் நகம் படுவதும் அதே இடத்தில்தான். காய்ந்து வெடித்தால் போதும், உடைந்துவிடும்.

ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு ஒருமுறையாவது மூக்கில் ரத்தம் வருகிறது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிவதற்கும் காரணம் இதே மாற்றங்கள்தான்.

உடம்புச் சூடுதானே காரணம்? மாம்பழம் சாப்பிட்டதால் வந்ததா?

மாம்பழத்தின் மேல் பழி போட வேண்டாம். காரணம் உலர்வு. மே 4 வாக்கில் தொடங்கும் அக்கினி நட்சத்திரத்தில் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்களில், மூக்கின் சவ்வு ஈரம் இழந்து பொருக்குத் தட்டும். இரவெல்லாம் ஏசியில் படுத்தாலும், மின்விசிறிக்கு நேர்கீழே முகத்தைக் காட்டித் தூங்கினாலும் அதே பொருக்குதான் வரும். அதனால்தான் பலருக்கு ரத்தம் உச்சி வெயிலில் வராமல் அதிகாலையில் எழுந்ததும் வருகிறது.

நீர்மோர், இளநீர், நுங்கு, தர்ப்பூசணி எல்லாம் நல்லவை. "குளிர்ச்சி" என்பதற்காக அல்ல, உடம்பில் நீர் சேர்வதற்காக. மருத்துவர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரை ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர்வரை நீர் உள்ளே போகட்டும். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் ஜிகர்தண்டா, ரோஸ்மில்க் போன்றவற்றைச் சூடு தணிய என்று குடிக்கக் கூடாது.

ரத்தம் நின்றுவிட்டது. அப்புறம்?

முதலில் பிபி. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பார்க்கலாம், வீட்டில் கருவி இருந்தால் இன்னும் நல்லது. பயத்தில் எல்லோருக்கும் பிபி சற்று ஏறும் என்பதால், ரத்தம் நின்று ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்து எடுங்கள். கால் மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது. கருவியின் பட்டையை ரவிக்கைக் கையின் மேல் சுற்றியிருந்தால் அளவு தவறும்.

140/90க்குக் கீழே இருந்தால் எண்ணையும் தேதியையும் கர்ப்பிணி அட்டையில் குறித்துவைத்து அடுத்த பரிசோதனையில் காட்டுங்கள். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90ஐ எட்டினால் கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள்; அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மேல் எண் 160ஐயோ கீழ் எண் 110ஐயோ தொட்டால் மறுபடி அளந்து பார்த்துப் போகலாம் என்று உட்காராதீர்கள். உடனே 108.

பிறகு மூக்கைக் கவனியுங்கள். அடைப்பு உறுதிப்பட ஒரு நாள் வேண்டும். அந்த 24 மணி நேரம் மூக்கைச் சிந்தாதீர்கள்; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஆவி பறக்கும் காபி, ரசம், சூப் வேண்டாம், ஆறவிட்டுக் குடிக்கலாம். கொதிக்கும் வெந்நீர்க் குளியல், ஆவி பிடித்தல், குடம் தூக்குதல், குனிந்து வீடு பெருக்குதல் எல்லாம் தள்ளிப் போகட்டும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். உள்ளே கட்டிகட்டியாக உறைந்திருப்பதை விரல் விட்டு எடுக்கவே கூடாது.

பிபியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

இருபது வாரத்துக்குப் பிறகு பிபி ஏறி, சிறுநீரில் புரதமும் போகத் தொடங்கினால் அது முன்சூல்வலிப்பு என்கிற நிலையாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் தாய்க்கு வலிப்பு வரும், குழந்தைக்கும் ஆபத்து. தொடக்கத்தில் எந்த வலியும் இல்லாமல் இருப்பதுதான் இதன் கெட்ட குணம். மூக்கில் ரத்தம் வந்தவர்கள் எல்லோருக்கும் இது இருக்கிறது என்று பொருளில்லை, பெரும்பாலோருக்கு இருக்காது. ஆனால் பிபி ஏறியிருந்தால் மூக்கு ரத்தம் எளிதில் நிற்காது. சிலருக்கு ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகளும் (பிளேட்லெட்) குறைந்திருக்கும். இரண்டு நிமிட அளவீட்டில் தெரிந்துவிடுகிற ஒன்றை ஊகத்துக்கு விட நியாயமே இல்லை.

விடாத தலைவலி, கண்ணில் மின்னல் அடிப்பது அல்லது மங்கல், நெஞ்சுக்குழியிலோ வலப்பக்க விலாவுக்குக் கீழேயோ வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், மூக்கு ரத்தம் நின்றுவிட்டது என்று ஆறுதல்படாமல் உடனே போங்கள். கால் வீக்கம் மட்டும் இருந்தால் அது பலருக்கும் வருவதுதான்.

வேறு எப்போதெல்லாம் உடனே ஓட வேண்டும்?

அரை மணி நேரத்தில் நிற்காதபோது. ஒரு டம்ளர் அளவுக்கு ரத்தம் போயிருக்கும்போது. சரியாக முன்னால் சாய்ந்து பிடித்திருந்தும் தொண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்போது. அது மூக்கின் பின்பகுதியில் இருக்கும் பெரிய குழாயிலிருந்து வருவது, விரலால் எட்டாது. மயக்கம், வெளிறிப்போதல், மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு இருக்கும்போது. விழுந்தோ அடிபட்டோ வந்திருக்கும்போது. இவற்றோடு பிறப்புறுப்பில் ரத்தம், அடிக்கடி வரும் வயிற்று வலி, குழந்தை அசைவு குறைவு எதுவாக இருந்தாலும்.

காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் அது தனிக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சல், உடம்புவலி, தோலில் சிவப்புப் புள்ளி, அதோடு மூக்கிலோ ஈறிலோ ரத்தம் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறெந்த வலி மாத்திரையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் தாங்க முடியாத அரிப்பும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈரல் சம்பந்தப்பட்ட ஒரு கர்ப்பகாலக் கோளாறில் ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே குறையலாம்.

எங்கே போவது?

108 இலவசம், எந்த நேரமும் வரும். அழைக்கும்போது "கர்ப்பிணி, இத்தனை மாதம், மூக்கில் இத்தனை மணியிலிருந்து ரத்தம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். கோரிப்பாளையத்தை ஒட்டிய அரசு இராசாசி மருத்துவமனையில் மகப்பேறு பிரிவும் காது மூக்கு தொண்டைப் பிரிவும் உள்ளன. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கம் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு முதலில் போவதில் தவறில்லை. மூக்கில் தற்காலிக அடைப்பு வைத்து, பிபியைப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கிருந்து அனுப்புவார்கள்.

கர்ப்பிணி அட்டை, ரத்த வகை எழுதிய சீட்டு, கடைசி ஹீமோகுளோபின் அறிக்கை, சாப்பிடுகிற மாத்திரைகள் இவற்றை ஒரே பையில் வைத்திருப்பது நல்லது. நெகட்டிவ் வகைக்காரர்கள் பயப்பட வேண்டாம்: மூக்கில் போவது உங்கள் ரத்தம் மட்டுமே, அதற்காகத் தனி ஊசி எதுவும் தேவையில்லை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா?

உறைந்ததை உறிஞ்சி எடுத்து, எந்த இடம் என்று வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். முன்பக்கத்தில் ஒரு புள்ளிதான் என்றால், மரக்க வைத்து, சில்வர் நைட்ரேட் தடவிய குச்சியால் அந்தப் புள்ளியைச் சில விநாடிகள் தொட்டுக் கருக்குவார்கள். மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுகிறதுதான். ஒரே அமர்வில் நடுச்சுவரின் இரண்டு பக்கமும் கருக்க மாட்டார்கள், சுவரில் ஓட்டை விழும் என்பதால். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் அங்கே பொருக்கு இருக்கும், அதை நோண்டக் கூடாது.

புள்ளி தெரியாவிட்டாலோ ரத்தம் அதிகமாக இருந்தாலோ, ஈரம் பட்டால் உப்புகிற பஞ்சுப் பட்டையை மூக்கில் வைத்து ஒன்றிரண்டு நாள் விடுவார்கள். அசௌகரியம்தான், வாயால் மூச்சுவிட்டு வாய் காயும், தூக்கம் கெடும். அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள்.

எந்தச் சிகிச்சைக்கு முன்பும் "நான் கர்ப்பமாக இருக்கிறேன், இத்தனையாவது மாதம்" என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். வயிறு தெரியாத முதல் மூன்று மாதங்களில் இது மிக முக்கியம். பரிசோதனை நாற்காலியை முழுக்கச் சாய்த்தால், கொஞ்சம் நிமிர்த்திவைக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

அறுகம்புல் சாறு, மாதுளம்பூச் சாறு, நல்லெண்ணெய் சொட்டு… இவற்றை மூக்கில் விடலாமா?

விட வேண்டாம். ரத்தம் வரும் நேரத்தில் எந்தச் சாற்றை விட்டாலும் அது ரத்தத்தோடு தொண்டைக்குள் இறங்கும். அழுத்த வேண்டிய நிமிடங்கள் அதில் வீணாகும், வடிகட்டாத சாறு கிருமியையும் கொண்டுபோகும். எண்ணெயை மூக்கில் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் தங்கக்கூடும். எண்ணெய் இருமலில் எளிதாக வெளியே வராது. வெங்காயத்தை முகர்வதால் தும்மல்தான் வரும். தலையில் குடம் தண்ணீர் ஊற்றுவதில் ஈரத் தரையில் வழுக்கும் ஆபத்து இருக்கிறது, நிறைமாதத்தில் அது சின்ன ஆபத்து இல்லை. பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் ஈரத்துணியைக் கொடுத்து நெற்றியில் வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சையோ துணித் திரியையோ உள்ளே அடைப்பதும் வேண்டாம். எடுக்கும்போது அடைப்பும் சேர்ந்து பிய்ந்து வரும்.

மறுபடி வராமல் இருக்க?

மூக்கை ஈரமாக வைத்திருப்பதுதான் எல்லாம். மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் உப்புநீர்ச் சொட்டு அல்லது ஸ்ப்ரே கர்ப்பத்தில் பாதுகாப்பானது; ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு பக்கமும் இரண்டு சொட்டு. வாங்கும்போது அட்டையைப் படியுங்கள், சோடியம் குளோரைடு மட்டும் இருக்க வேண்டும். அதே அளவுக் குப்பியில், அதே அலமாரியில், ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் கலந்த அடைப்பு நீக்கிகளும் இருக்கும். அவை ரத்தக் குழாயைச் சுருக்குபவை. மருத்துவர் சொல்லாமல் கர்ப்பிணி தொடக் கூடாது, பிபி இருப்பவர் அறவே கூடாது. சில நாள் தொடர்ந்து விட்டால் நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இரவில் படுக்கும் முன் பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியைச் சுண்டுவிரல் நுனியில் எடுத்து, மூக்குத் துவாரத்தின் வாசலில் மட்டும் பூசுங்கள். உள்ளே திணிக்க வேண்டாம், நகம் வெட்டியிருக்கட்டும். ரத்தம் வந்த அன்று பூசாமல் மறுநாளிலிருந்து தொடங்கினால் போதும். ஏசி போடும் அறையில் வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், அல்லது ஈரத்துணியைக் கொடியில் போடுங்கள். ஏசியை 26க்குக் கீழே இறக்காதீர்கள். மின்விசிறிக் காற்று காலில் படும்படி படுக்கையைத் திருப்பிப் போடுங்கள்.

புகையும் தூசியும் அடுத்த எதிரி. விறகடுப்பு, வளைகாப்பு வீட்டுச் சாம்பிராணி, மிளகாய் அரைக்கும் மாவு மில், செங்கல் சூளை, கல் அறுக்கும் பட்டறை. வேலையை விட முடியாதவர்கள் முகக்கவசமாவது போட்டு, வேலை முடிந்ததும் உப்புநீர்ச் சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். மூக்குப்பொடி போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். மூக்குக்காக மட்டுமல்ல, புகையிலை குழந்தையையும் பாதிக்கும்.

சித்திரைத் திருவிழாவில் தேருக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் போக ஆசை இருக்கும். நெரிசலில் உட்கார இடம் கிடைக்காது, வண்டி உள்ளே வராது. சில்லுமூக்கு உடைகிற வழக்கம் உள்ளவர்கள் அந்த வருடம் தொலைக்காட்சியில் பார்ப்பதே நல்லது.

இரும்புச்சத்து மாத்திரையால் ரத்தம் வருகிறதா? நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது. அது மூக்கில் ரத்தத்தை வரவழைப்பதில்லை. சுற்றிவளைத்து ஒரு தொடர்பு உண்டு: மாத்திரை சிலருக்கு மலச்சிக்கல் தரும், முக்கினால் தலைக்கு அழுத்தம் ஏறி நின்ற ரத்தம் மறுபடி வரும். அதற்கு மருந்து கொய்யா, கீரை, உலர்திராட்சை ஊறவைத்த நீர், கூடுதல் தண்ணீர். அதற்கும் மசியாவிட்டால் மருத்துவர் கர்ப்பத்தில் பாதுகாப்பான மலமிளக்கி தருவார்.

இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே உள்ளவருக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் போனால் இருப்பதும் குறையும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தால், அடுத்த மாதப் பரிசோதனைவரை காத்திராமல் ஹீமோகுளோபினும் ரத்தத் தட்டு எண்ணிக்கையும் பாருங்கள். கர்ப்பத்தில் தட்டுகள் சற்றுக் குறைவது இயல்பு. ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காமல் ஒரு மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிட்டால்தான் சத்து உடம்பில் ஒட்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மலம் கரும்பச்சையாகப் போவது வழக்கம். தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் அது விழுங்கிய ரத்தமாக இருக்கலாம்.

ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். மூக்கில் ரத்தம் வருவதால் நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு அதைத் தடுக்கத்தான் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருகிறார்கள். அது ரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான். ஆகவே மூக்கைப் பிடிக்கும் நேரம் உங்களுக்குக் கூடலாம். எத்தனை முறை வந்தது, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் என்று எழுதிக் காட்டுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர் முடிவு செய்வார். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுபவர்களுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் அன்றே தெரிவிக்க வேண்டும்.

எப்போதும் ஒரே பக்கத்தில்தான் வருகிறது. அந்தப் பக்கம் அடைத்தும் இருக்கிறது.

மூக்குத்தி காரணமில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கர்ப்பத்தில் மூக்கின் உள்ளே சிவந்த, தொட்டால் ரத்தம் கசிகிற சிறு சதை வளர்ச்சி வருவதுண்டு. இது புற்றுநோய் அல்ல. ஈறிலும் இப்படி வரும். பல சமயம் பிரசவத்துக்குப் பிறகு தானே சுருங்கிவிடும். ரத்தம் அடிக்கடி போனால் மட்டும் முன்னதாக அகற்றுவார்கள்.

சுகப்பிரசவத்துக்குத் தடையா? பிள்ளை பெற்ற பிறகும் வருமா?

மூக்கில் ரத்தம் வந்தது மட்டுமே அறுவைச் சிகிச்சைக்குக் காரணமாகாது. ஆனால் பிரசவ அறைக்குள் போகும்போது "அடிக்கடி சில்லுமூக்கு உடையும், கடைசியாக இந்தத் தேதியில் வந்தது" என்று செவிலியரிடம் சொல்லிவையுங்கள். ரத்தம் உறைவதில் கோளாறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கூடுதலாகக் கவனிக்கவும் அது உதவும். முக்கும்போது மூக்கில் ரத்தம் வந்தால் துணையிருக்கும் அம்மாவோ அத்தையோ மென்பகுதியைப் பிடித்துக்கொள்ளலாம், நீங்கள் வாயால் மூச்சுவிட்டு முக்கலாம்.

பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் மூக்கின் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும், ரத்தம் வருவதும் அதோடு நிற்கும். அதற்கு மேலும் தொடர்ந்தால் கர்ப்பத்தைக் காரணம் சொல்ல முடியாது, காட்டிப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகான ஆறு வாரத்தில் மூக்கு ரத்தத்தோடு தலைவலியும் வந்தால், பிள்ளை பிறந்தாயிற்றே என்று விட்டுவிடாமல் பிபியை அளந்து பாருங்கள். அந்த நாட்களிலும் அது ஏறக்கூடும்.